கரண்ட் வந்த பிறகும் எழாத விஎம்: அழிப்பதற்கு முன் பாருங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கணக்குப் பார்க்கும் தம்பி கேட்டது இது: “அண்ணா, எங்கள் இலைக் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-ல் மட்டும்தான் ஓடும். அதனால் விண்டோஸ் 10 மெஷினில் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை ஓட்டி வருகிறோம். மழையில் கற்பூர மரம் சாய்ந்து லைன் அறுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்ததும் ஸ்டார்ட் கொடுத்தால் அந்த உள் கம்ப்யூட்டர், அதாவது வர்ச்சுவல் மெஷின் (விஎம்), எழவில்லை. பயாஸில் விடி-எக்ஸ் அணைந்திருக்கிறது என்கிற மாதிரி ஒரு செய்தி வந்து நிற்கிறது. நாங்கள் எந்த செட்டிங்கையும் தொடவில்லை. விஎம் கெட்டுவிட்டது, அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று ஒருவர் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் விவசாயிகளுக்குப் பணம் போட்டாக வேண்டும். என்ன செய்யட்டும்?”

தம்பி, அழிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் செய்தி உங்கள் இலைக் கணக்கைப் பற்றியதே இல்லை. அது மேசை மேல் இருக்கும் உண்மையான மெஷினைப் பற்றியது. பயாஸ் என்பது மெஷின் எழும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை செட்டிங் பகுதி. விடி-எக்ஸ் என்பது ஒரு மெஷினுக்குள் இன்னொன்றை ஓட்ட இன்டெல் பிராசஸர் தரும் வசதி. டிஸ்க் ஃபைலில் இருக்கும் விண்டோஸ் 7 இன்னும் எழத் தொடங்கவே இல்லை. அதற்கு முன்பே நின்றுவிட்டது. வீட்டுக் கதவின் பூட்டு திறக்காததற்கு உள்ளே இருக்கும் பீரோவை உடைக்க வேண்டாம்.

வர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் விஎம் மேல் ரைட் கிளிக் செய்து நீக்கு என்று கொடுத்தால், பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, ஃபைல்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மெனு பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம். வர்ச்சுவல்பாக்ஸை மூடிவிட்டு, விஎம் இருக்கும் ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். ஸ்னாப்ஷாட்ஸ் என்று உள்ளே ஒரு ஃபோல்டர் இருந்தால் அதுவும் சேர்ந்து வர வேண்டும். அந்த டிஸ்க் ஃபைல் 40 ஜிபி, 60 ஜிபி இருந்தால் நேரம் ஆகும், ஆகட்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே அந்தக் காப்பி கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்வதுதான்.

இனி, தொடாத செட்டிங் எப்படி மாறியது என்பதைப் பார்ப்போம். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையிலும், கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடி மழையிலும் என்னிடம் வருகிற விஎம் புகார்களில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று மேலே பொறித்திருக்கும், 3 வோல்ட். மெஷினின் கடிகாரம் ஓடுவதும், பல போர்டுகளில் பயாஸ் செட்டிங் நினைவில் நிற்பதும் அதனால்தான். சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பவர் சப்ளை ஒரு சிறு மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பேட்டரி சோர்ந்து கிடப்பது மாதக்கணக்கில் வெளியே தெரியாது. இரண்டு நாள் கரண்ட் இல்லை என்றால் பாரம் முழுக்க அந்தப் பேட்டரி மேல் விழும். நாலைந்து வருடம் ஆன பேட்டரி அங்கேதான் கைவிடும். பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, ஃபாக்டரியிலிருந்து வந்த நாளின் செட்டிங்குக்குத் திரும்பும். பல போர்டுகளில் அந்த முதல் நாள் செட்டிங்கில் விடி-எக்ஸ் என்ற அந்த மெய்நிகராக்க வசதி அணைந்துதான் இருக்கும்.

இது உங்களுக்கு நடந்ததா என்று தெரிந்துகொள்ள மெஷினைத் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை என்று மறுக்கிறதா? மெஷின் எழும்போது எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் பேட்டரிதான். கரண்ட் வந்து சில மணி நேரம் கழித்து யாராவது தேதியைக் கையால் சரிசெய்திருந்தால் இந்த அடையாளம் மறைந்திருக்கும். அதையும் கேட்டு விசாரியுங்கள்.

பேட்டரிதான் என்றால், மெஷினை அணைத்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பேட்டரி கூட்டின் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பிளஸ் குறி மேலே பார்த்து இருக்கும்படி புதிதைப் போடுங்கள். தேயிலை ஃபாக்டரி என்றால் உள்ளே மெல்லிய பஞ்சு மாதிரி தேயிலைத் தூசி அடைந்திருக்கும். திறந்தது திறந்தீர்கள், மெல்லிய பிரஷ்ஷால் ஃபேனையும் தட்டிவிடுங்கள்.

பிறகு பயாஸ். மெஷின் எழும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தினால் பெரும்பாலான போர்டுகளில் உள்ளே போகலாம். இன்டெல் பிராசஸர் என்றால் அட்வான்ஸ்டு பகுதியில், சிபியு கான்ஃபிகரேஷன் என்ற இடத்தில், இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருக்கும். ஏஎம்டி என்றால் பெயரே வேறு, எஸ்விஎம் மோடு என்று இருக்கும். வர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறவர்கள் ஏஎம்டிக்காரர்கள்தான். இன்டெல் இந்த வசதியை 2005-லும் ஏஎம்டி 2006-லும் கொண்டுவந்தன. இன்று மேசையில் இருக்கும் மெஷின்களில் அது இல்லாதது அபூர்வம். எனேபிள் செய்து, சேவ் செய்து வெளியே வந்ததும் ஒருமுறை முழுதாக அணைத்துப் பத்து விநாடி விட்டுப் போடுங்கள். சில போர்டுகளில் வெறும் ரீஸ்டார்ட்டில் இந்த மாற்றம் ஏறாது.

பயாஸில் இருக்கும்போதே இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஹார்டு டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது என்று சாட்டா மோடு என்ற இடத்தில் இருக்கும். முன்பு இருந்த முறை மாறியிருந்தால் விஎம் அல்ல, வெளியே இருக்கும் விண்டோஸே நீலத் திரையோடு நின்றுவிடும். அடுத்தது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்ட மெஷினில் பயாஸ் பழைய நிலைக்குப் போனால், அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதி, ஆபீஸ் அலமாரியில் வையுங்கள்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அது விஎம் எழாததைவிடப் பெரிய தொல்லை. வெளி மெஷினின் தேதியைச் சரிசெய்யாமலேயே விஎம்-ஐ எழுப்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் 7 எழும்போது நேரத்தை வெளி மெஷினிடமிருந்துதான் வாங்கும். வெளியே 2015 என்றால் உள்ளேயும் 2015. அன்று காலை வந்த பசுந்தேயிலை எடையையெல்லாம் பதிவு செய்தால், அத்தனையும் பல வருடத்துக்கு முந்தைய தேதியில் போய் உட்காரும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது சில விவசாயிகளுக்கு ஒரு நாள் இலை குறையும். எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தேதி வித்தியாசம் பெரிதாக இருந்தால் விண்டோஸ் இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்யாமல் விட்டுவிடலாம். அதனால் கையால் வையுங்கள். வருடம், மாதம், காலையா மாலையா, மூன்றையும் பார்த்த பிறகே விஎம்-இல் ஸ்டார்ட்.

பயாஸில் எனேபிள் என்றே இருக்கிறது, ஆனாலும் விடி-எக்ஸ் இல்லை என்கிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைப் பாருங்கள். வர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று அங்கே இருந்தால், வசதி இருக்கிறது, அதை வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ பெரும்பாலும் விஎம் ஓட்டுவதற்கான விண்டோஸின் சொந்த வசதியான ஹைப்பர்-வி. நீங்கள் அதை நிறுவியிருக்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, சாண்ட்பாக்ஸ், வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி, இவற்றில் எதை இயக்கினாலும் பின்னால் அது வந்து உட்காரும். 2018 கடைசியில் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் 6.0-க்குப் பிறகு இரண்டும் ஒன்றாக ஓட வழி செய்திருக்கிறார்கள். ஆனால் வேகம் இருக்காது. விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால் நீங்கள் அந்த வழியில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆமையை விரட்ட வேண்டுமானால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் கட்டளையால் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் என்ற மதிப்பை ஆஃப் என்று வைக்கலாம். மெமரி இன்டெக்ரிட்டி என்பது பாதுகாப்புக்காக இருப்பது. அந்த மெஷினில் இணையமும் மின்னஞ்சலும் பார்க்கிறீர்கள் என்றால் நான் அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. பயாஸில் அல்ல, இந்த விண்டோஸ் செட்டிங்குகளில் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் கொடுத்து மறுபடி போட்டால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் மெஷினில் விண்டோஸின் அடிப்பகுதி முழுதாக இறங்காது, பழைய நிலையோடே எழுந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் கரண்ட் போன மெஷினில் ஒரு கோளாறு தீர்ந்ததும் அடுத்தது தலைகாட்டும். அதையும் சொல்லாமல் விட்டால் நாளைக்கே திரும்பக் கேட்பீர்கள்.

விஎம் எழவில்லை என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எதுவரை எழுந்தது என்பதுதான். ஜன்னலே திறக்காமல் ஒரு செய்தியோடு நின்றால் கோளாறு வெளி மெஷினில் அல்லது விஎம்-இன் செட்டிங்கில். ஜன்னல் திறந்து, கறுப்புத் திரையில் பூட் செய்ய எதுவும் இல்லை என்று வந்தால் டிஸ்க் ஃபைல் கழன்றிருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது. விண்டோஸின் சின்னம் வரை வந்துவிட்டு நின்றால் வெளியே எல்லாம் சரி, உள்ளே இருக்கும் விண்டோஸைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அந்தப் பதில் எழுத்தில் வேண்டுமானால், விஎம் ஃபோல்டருக்குள் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் விபாக்ஸ் டாட் லாக் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். வி, இ, ஆர், ஆர் என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல்லே பெரும்பாலும் கோளாறின் பெயர். அதில் டிஸ்க் ஃபுல் என்று வந்தால் இடம் இல்லை, நாட் ஃபவுண்ட் என்று வந்தால் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது, அக்சஸ் டினைடு என்று வந்தால் அனுமதி இல்லை. அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண்கள் விஎம் தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும். ஒரு விநாடிக்குள் நின்றதா, நாற்பது விநாடி ஓடிவிட்டு நின்றதா என்பதே ஒரு துப்பு.

இதில் ஒன்று கவனம். வர்ச்சுவல்பாக்ஸ் நடப்பு லாகோடு முந்தைய மூன்றை மட்டும்தான் வைத்திருக்கும். பதற்றத்தில் ஸ்டார்ட், ஸ்டார்ட் என்று ஐந்து முறை அழுத்தினால் முதல் முறை என்ன நடந்தது என்ற பதிவு அழிந்துபோகும். பெரும்பாலும் அந்த முதல் பதிவில்தான் உண்மை இருக்கும். ஒருமுறை எழவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு லாக்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்து வையுங்கள்.

கரண்ட் போகும்போது விஎம் ஓடிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் பட்டியலில் அந்த விஎம்-இன் பெயருக்குக் கீழே இன்அக்சஸிபிள் என்று வரக்கூடும். விஎம்-இன் செட்டிங்குகள் டாட் விபாக்ஸ் என்று முடியும் ஒரு சின்ன ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் கரண்ட் போனால் ஃபைல் காலியாகவோ அரைகுறையாகவோ நின்றுவிடும். நல்லவேளை, பக்கத்திலேயே அதன் முந்தைய பிரதியை, பெயரின் கடைசியில் ஹைஃபன் பிரெவ் என்று சேர்த்து, வர்ச்சுவல்பாக்ஸே வைத்திருக்கும். வர்ச்சுவல்பாக்ஸை முழுதாக மூடிவிட்டு, கெட்டதை வேறு பெயருக்கு மாற்றி, பிரெவ் என்பதைக் காப்பி எடுத்து அதற்கு அசல் பெயரைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்காக முழு விஎம்-ஐயும் புதிதாகப் போட்டவர்கள் உண்டு.

விஎம்-ஐ மூடும்போது நிலையைச் சேமி என்று கொடுக்கும் வழக்கம் இருந்தால் வேறொரு சிக்கல் வரலாம். வர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்த பிறகோ செட்டிங்கோ மெஷினோ மாறிய பிறகோ அந்தச் சேமித்த நிலையிலிருந்து எழ மறுக்கும். அப்போது சேமித்த நிலையைக் கைவிடு என்று மெனுவில் இருப்பதைக் கொடுக்கலாம். டிஸ்கில் எழுதியது அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் திரையில் திறந்திருந்து சேமிக்காத வேலை மட்டும் போகும், ஓடும் மெஷினின் வயரைப் பிடுங்கியதுபோல.

ஸ்னாப்ஷாட் என்பது பிறகு திரும்பிப் போக வசதியாக விஎம்-இன் ஒரு நேரத்து நிலையைக் குறித்துவைப்பது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மீட்கவே முடியாத இழப்பைப் பார்த்தேன். குன்னூரில் ஒரு ஆபீஸ். டிஸ்கில் இடம் தீர்ந்து விஎம் பாதியில் நின்றுவிட்டது. அங்கே இருந்தவர் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். வளைவு அடைப்புக்குள் நீளமான எண்களும் எழுத்துகளுமாகப் பெயர் கொண்ட 30 ஜிபி ஃபைல் ஒன்று இருந்தது. ஏதோ பழைய பேக்கப் என்று நினைத்து அழித்துவிட்டார், குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். நல்ல மனிதர், இடம் உண்டாக்கலாம் என்றுதான் செய்தார். நான் போனபோது விஎம் எழவே இல்லை. முதல் டிஸ்க் ஃபைலை மட்டும் வைத்து ஒரு புது விஎம் உண்டாக்கி எழுப்பினேன். எழுந்தது. உள்ளே கணக்கு எட்டு மாதம் பின்னால் நின்றது. அந்த எட்டு மாதத்தையும் கார்பன் தாள் ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். ஈரத்தில் ஒட்டிப்போன ரசீதுகளை ஹீட்டர் பக்கத்தில் விரித்துக் காயவைத்துப் பிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து முதல் டிஸ்க் ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் அந்த எண்பெயர் கொண்ட குட்டி ஃபைலில் போய்ச் சேரும். பெயரைப் பார்த்தால் எச்சம் மாதிரி தெரியும், ஆனால் நேற்று வரையிலான கணக்கு அதில்தான் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் சங்கிலி நீளும், நடுவில் எந்தக் கண்ணி போனாலும் அதற்கு மேலே இருப்பது பயன்படாது. வேண்டாம் என்றால் வர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பகுதியிலிருந்தே நீக்குங்கள். அது குட்டியில் இருப்பதைத் தாயோடு சேர்த்துவிட்டுத்தான் குட்டியை எடுக்கும். அந்தச் சேர்ப்புக்கும் டிஸ்கில் காலியிடம் வேண்டும், நேரமும் பிடிக்கும். வானம் இடித்துக்கொண்டிருக்கும் சாயங்காலத்தில் அதைத் தொடங்காதீர்கள்.

இடம் தீர்வதற்குக் காரணம், தேவைக்கேற்ப வளரும் டிஸ்க். 100 ஜிபி என்று உள்ளே சொல்லிவிட்டு வெளியே மிகச் சிறிய ஃபைலாகத் தொடங்கும். உள்ளே எழுத எழுத வெளியே வளரும், உள்ளே அழித்தால் வெளியே சுருங்காது. வெளி டிஸ்கில் எவ்வளவு மிச்சம் என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இடம் தீர்ந்து நின்ற விஎம்-ஐ அப்படியே விட்டு, வெளியே வேறு எதையாவது நகர்த்தி இடம் உண்டாக்கினால், நின்ற இடத்திலிருந்தே தொடர வாய்ப்பு உண்டு. பதறி பவர் ஆஃப் கொடுக்க வேண்டாம்.

மலையில் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று நெட்வொர்க். மரம் விழுந்தால் கரண்ட் கம்பியோடு ஃபைபரும் அறுந்துவிடும். அப்போது போனை யுஎஸ்பியில் செருகி நெட் எடுப்போம். யாரோ ஒருவர் விஎம்-இன் நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு (வெளி மெஷினின் ஒரு குறிப்பிட்ட இணைப்போடு நேராகச் சேர்க்கும் முறை) என்று வைத்து அந்தப் போன் இணைப்பைத் தேர்ந்தெடுத்திருப்பார். நாலு நாள் கழித்து ஃபைபர் வந்ததும் போனைக் கழற்றிவிடுவார்கள். இப்போது விஎம் அந்தப் போனைத் தேடி, கிடைக்காமல், எழ மறுக்கும். செய்தியில் நெட்வொர்க் என்ற சொல்லைப் பார்த்ததும் இன்டர்நெட் இல்லாததால் எழவில்லை என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. செட்டிங்கில் நெட்வொர்க்கை என்ஏடி (வெளி மெஷினில் இருக்கும் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை) என்று மாற்றினால் உடனே எழும். உங்கள் இலைக் கணக்குக்கு நெட்டே வேண்டாம் என்றால் கேபிளைத் துண்டித்த நிலையிலேயே வைத்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டது. அதை இணையத்தில் திறந்துவிடுவது நல்லதல்ல.

ஜன்னல் திறந்து, பூட் செய்ய எதுவும் இல்லை என்று வந்தால் செட்டிங்கில் ஸ்டோரேஜைப் பாருங்கள். டிஸ்க் ஃபைல் அங்கே இருக்கிறதா? இருந்தால், சிஸ்டம் பகுதியில் இஎஃப்ஐ (புது முறையில் பூட் செய்வது) என்ற பெட்டியில் யாராவது டிக் போட்டிருக்கிறார்களா? பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் 7 அந்த டிக் இருந்தால் எழாது. ஸ்டோரேஜில் டிஸ்க் இணைப்பு முறையை சாட்டாவிலிருந்து ஐடிஇக்கோ, ஐடிஇயிலிருந்து சாட்டாவுக்கோ மாற்றியிருந்தால் சின்னம் வந்து நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணோடு நிற்கும். முன்பு இருந்தபடி மாற்றினால் போதும், விண்டோஸைத் திரும்ப நிறுவ வேண்டாம். சின்னம் வந்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் கேட்டால், காப்பி கையில் இருக்கிறதல்லவா, ஒருமுறை ஓடவிடுங்கள். கரண்ட் போனதால் வந்த சிறு சேதம் பெரும்பாலும் அதிலும் டிஸ்க் சரிபார்ப்பிலும் தீரும்.

விஎம் எழுகிறது, ஆனால் தினமும் வேறு வேறு இடத்தில் விழுகிறது என்றால் நான் சாஃப்ட்வேரைச் சந்தேகிக்க மாட்டேன், ரேமைச் சந்தேகிப்பேன். 8 ஜிபி மெஷினில் விஎம்-க்கு 4 ஜிபி ஒதுக்கினால், சாதாரண வேலையில் தொடாத நினைவகப் பகுதியெல்லாம் அப்போதுதான் பயன்பாட்டுக்கு வரும். மார்கழிப் பனியிலும் மழைக்கால மூடுபனியிலும் ஜன்னல் வழியே ஈரம் வந்து ரேமின் தங்க நிறத் தொடுமுனைகளில் படிந்து கறுத்திருக்கும். கழற்றி, வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசியை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு இரவு ஓடவிடுங்கள்.

வர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் அதே வேலை செய்யும் விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் போன பிறகு, ஃபைலை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி நின்றால், ஃபோல்டருக்குள் எல்சிகே என்று முடியும் பூட்டு ஃபோல்டர்கள் மிஞ்சியிருக்கும். விஎம்வேரை மூடிவிட்டு அவற்றை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினால் எழும். லினக்ஸ் மேல் வர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுபவர்களுக்கு, கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் எழவில்லை என்றால் டிரைவர் மாட்யூலைத் திரும்பக் கட்ட வேண்டும், செக்யூர் பூட் இயங்கினால் அதற்குக் கையெழுத்தும் வேண்டும். கெர்னல் 6.12-லிருந்து, விஎம் ஓட்டுவதற்கான லினக்ஸின் சொந்த வசதியான கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே விடி-எக்ஸைப் பிடித்துக்கொள்கிறது. அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டு முயன்று பாருங்கள்.

எழுந்த பிறகு, யுபிஎஸ். ஃபாக்டரிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது என்பீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இருக்கும் அந்த அரை நிமிடம்தான் டிஸ்க் ஃபைலைக் கெடுப்பது. கணக்கு மெஷினுக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும், மானிட்டரையும் அதிலேயே செருகுங்கள், பிரிண்டரைச் செருக வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதன் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் என்ற நிலையில் வையுங்கள், இல்லையென்றால் மாறும் நேரத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். விஎம்-இன் ஸ்டோரேஜ் செட்டிங்கில் ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ் என்ற பெட்டி இருக்கும். சாட்டாவில் அது இயல்பாகவே அணைந்திருக்கும். வேகம் வரும் என்று யாராவது டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எழுதியாகிவிட்டது என்று உள்ளே இருக்கும் விண்டோஸ் நம்பிக்கொண்டிருப்பது வெளி மெஷினின் நினைவகத்திலேயே நிற்கும், கரண்ட் போனால் அது டிஸ்கைச் சேராது.

சனிக்கிழமை மாலை இலை எடை முடிந்ததும் விஎம்-ஐ முறையாக ஷட் டவுன் செய்து, ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி பாதி எழுதிய பக்கம் மாதிரி, திறக்கலாம், திறக்காமலும் போகலாம். மழைக்கால ஈரத்துக்கு அந்த டிஸ்கை ஒரு டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு மூன்று வேலைதான் தம்பி: காப்பி, பேட்டரி, பயாஸ். விஎம்-ஐ எழுப்புவதற்கு முன் தேதி. எழுந்ததும் கடைசியாகப் பதிவான பத்து இலை ரசீதைக் கையிலிருக்கும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். அப்படியும் எழவில்லை என்றால் முதல் லாகின் கடைசி நூறு வரியை அனுப்புங்கள், மாதக் கடைசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கோத்தகிரி வந்து பார்க்கிறேன்.